கையிலுள்ள கருவியும் கண்ணுக்குத் தெரியாத திருடனும்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை. வேலை காரணமாக விழாவுக்கு வர இயலாத தோட்ட மக்களும் படிக்கவேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டதால் எழுதித் தரப்பட்டது.)



கல்வியின் சிறப்பு, ஒழுக்கத்தின் உயர்வு, தாய்மொழிப் பற்று என்று ஏதாவதொரு தலைப்பில் இந்த மேடையில் ஆண்டுதோறும் ஓர் ஆசிரியர் பேசுவது வழக்கம். இந்த ஆண்டு என் முறை. நான் எடுத்துக்கொண்ட பொருள் கொஞ்சம் வேறானது. இங்கே உட்கார்ந்திருக்கும் எல்லாருடைய சட்டைப் பையிலும் கைப்பையிலும் இருக்கிறதே கைத்தொலைபேசி, அதன் வழியாக நம் வீட்டுக்குள் நுழையும் திருடனைப் பற்றியது. "வாத்தியாருக்கு இந்தப் பேச்செல்லாம் எதுக்கு?" என்று சிலர் நினைக்கலாம். எதற்கு என்பதைப் பேச்சின் நடுவில் சொல்கிறேன். சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் சொல்லத்தான் போகிறேன்.

நம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். சம்பள நாள் வந்தால் தோட்டத்து வாசலில் ஒரு சந்தையே கூடிவிடும். தவணைக்குச் சேலை விற்பவர் வருவார். எல்லா நோய்க்கும் ஒரே தைலம் விற்பவர் வருவார். கோயில் கட்டப் போகிறேன் என்று ரசீதுப் புத்தகத்தோடு ஒருவர் வருவார். அவர்களில் நல்லவர்களும் இருந்தார்கள், ஏமாற்றுக்காரர்களும் இருந்தார்கள். ஆனால் எவனாக இருந்தாலும் வாசலில் ஜாகாவைத் தாண்டித்தான் வரவேண்டும். லயத்தில் நாலு பேர் அவன் முகத்தைப் பார்ப்பார்கள். "போன மாசம் வேற பேரு சொல்லிக்கிட்டு வந்தவன்தானே இவன்?" என்று ஒரு பாட்டி கண்டுபிடித்துவிடுவார்.

இன்றைய திருடன் ஜாகாவைத் தாண்ட வேண்டியதில்லை. முகம் காட்ட வேண்டியதில்லை. இராத்திரி 11 மணிக்கு நம் தலையணைக்குப் பக்கத்தில் வந்து மணியடிக்கிறான். அந்த நேரத்தில் நம்மோடு நாலு பேர் இல்லை, அந்தப் பாட்டியும் இல்லை. நாம் தனியாக இருக்கிறோம். அவனுடைய பலமெல்லாம் இந்தத் தனிமையில்தான் இருக்கிறது. இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு மற்றதைக் கேளுங்கள்.

கேட்காமல் வந்து குவியும் செய்திகளுக்கு ஸ்பேம் என்று பெயர். இந்தப் பெயர் வந்த கதை வேடிக்கையானது. ஸ்பேம் என்பது 1937இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த டின் இறைச்சி. 1970இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் ஒரு நகைச்சுவைக் காட்சி வந்தது. ஒரு சாப்பாட்டுக் கடை. ஏறக்குறைய எந்த உணவைக் கேட்டாலும் அதில் அந்த டின் இறைச்சி இருக்கும். பக்கத்து மேசைக்காரர்கள் அதன் பெயரையே திரும்பத் திரும்பப் பாடி, மற்றவர் பேச்சே காதில் விழாமல் செய்துவிடுவார்கள். வேண்டாத செய்தி வந்து வேண்டிய செய்தியை அமுக்குவதால் கணினிக்காரர்கள் அந்தப் பெயரையே இதற்குச் சூட்டிவிட்டார்கள். 1978 மே மாதம் 3ஆம் தேதி அமெரிக்காவில் ஒரு கணினி நிறுவனத்தின் விற்பனையாளர், அன்றிருந்த சிறிய கணினி வலையத்தில் ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். இதைத்தான் முதல் ஸ்பேம் என்கிறார்கள். அவர் நன்றாகத் திட்டு வாங்கினார். வியாபாரமும் நடந்தது என்று பிற்காலத்தில் அவரே சொன்னார்.

திட்டு வாங்கியும் ஏன் இது நிற்கவில்லை? மாணவர்களே, இந்தக் கணக்கு உங்களுக்கு. ஒருவன் 10,000 பேருக்குத் தபாலில் கடிதம் போட்டால் 10,000 தபால்தலை வாங்கவேண்டும். இணையத்தில் அனுப்பினால் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. 9,999 பேர் சிரித்துவிட்டு அழித்துவிடட்டும். மிச்சம் உள்ள ஒருவர் 3,000 வெள்ளி அனுப்பினால் போதும், அவனுக்கு அத்தனையும் இலாபம். ஆகவே, "இவ்வளவு மட்டமான பொய்யை எவன் நம்புவான்?" என்று கேட்காதீர்கள். அவன் எல்லாரையும் தேடவில்லை. அன்றைக்குக் கஷ்டத்தில் இருக்கிற ஒருவரைத் தேடுகிறான். அந்த ஒருவர் நாமாக இருப்பதற்கு ஒரு கெட்ட நாள் போதும்.

அவன் எந்தெந்த வேடத்தில் வருகிறான்? பயம் காட்டுகிற வேடம் ஒன்று. நம் நாட்டில் இதற்கு மக்காவ் மோசடி என்று பெயர் வந்துவிட்டது. "நான் போலீஸ் தலைமையகத்திலிருந்து பேசுகிறேன், நீதிமன்றத்திலிருந்து பேசுகிறேன். உங்கள் பெயரில் குற்றம் பதிவாகியிருக்கிறது. உங்கள் பணத்தை நாங்கள் சொல்லும் பாதுகாப்பான கணக்குக்கு மாற்றுங்கள்" என்பான். கடைசியில் ஒன்று சொல்வான்: "இது இரகசிய விசாரணை. வீட்டில்கூட யாரிடமும் சொல்லாதே." எந்தப் போலீஸ்காரரும் எந்த நீதிமன்றமும் தொலைபேசியில் பணத்தை மாற்றச் சொல்வதில்லை.

அடுத்தது, உதவி செய்கிற வேடம். "சம்பளச் சீட்டு வேண்டாம், ஜாமீன் வேண்டாம், 10,000 வெள்ளி கடன் இன்றே" என்று செய்தி வரும். பிறகு, பத்திரச் செலவுக்கு 300 வெள்ளி கட்டு, காப்புறுதிக்கு 500 வெள்ளி கட்டு என்று கறந்துகொண்டே போவான். கடன் கொடுக்கிறவன் கடன் வாங்குகிறவனிடம் முதலில் பணம் கேட்பது எந்த ஊர் நியாயம்? இதே வேடத்தில்தான் வெளிநாட்டு வேலையும் வருகிறது. படிப்பு வேண்டாம், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் ஆயிரக்கணக்கில் சம்பளம் என்று நம்பிக் கம்போடியாவுக்கும் மியன்மாருக்கும் போன மலேசிய இளைஞர்கள், பூட்டிய கட்டடங்களில் அடைபட்டு, மற்றவர்களை ஏமாற்றும் வேலையையே அடி உதையோடு செய்யவேண்டி வந்தது. 2022 முதல் பலர் அங்கிருந்து மீட்கப்பட்டு வந்திருக்கிறார்கள்.

மூன்றாவது, மகிழ்ச்சி வேடம். புலனத்தில் ஒரு கலியாணப் பத்திரிகை வரும். நம் வீடுகளில் பத்திரிகை வந்தால் திறந்து பார்க்காமல் இருப்போமா? ஆனால் அந்தக் கோப்பின் பெயர் ஏ.பி.கே. என்ற மூன்றெழுத்தில் முடிந்தால் அது பத்திரிகை அல்ல, ஒரு செயலி. அதைத் திறந்து, அது கேட்பதற்கெல்லாம் சரி சரி என்று அமுக்கினால், வங்கியிலிருந்து நமக்கு வரும் குறுஞ்செய்தியை அவன் எங்கோ உட்கார்ந்துகொண்டு படிப்பான்.

நான்காவது வேடம் நண்பன் வேடம். நான் விழுந்தது இதில்தான்.

2024ஆம் ஆண்டு, பள்ளி விடுமுறைக்கு முந்திய வாரம். மதியம் மூன்று மணி இருக்கும். தாள் திருத்திக்கொண்டிருந்தேன். என்னோடு பயிற்சிக் கல்லூரியில் படித்த நண்பர் பெயரில் புலனத்தில் ஒரு செய்தி. மலாயில் இருந்தது. தவறுதலாக என் எண்ணுக்கு 6 இலக்க எண் ஒன்றை அனுப்பிவிட்டதாகவும், அவசரமாக அதைத் திருப்பி அனுப்பும்படியும் கேட்டிருந்தார். உடனே குறுஞ்செய்தியில் அந்த எண்ணும் வந்தது. அதிலேயே, இதை யாருக்கும் கொடுக்காதீர்கள் என்று எழுதியிருந்தது. நான் படித்தேனா? படிக்கவில்லை. அந்த நண்பர் என்னோடு மலாயில் எழுதும் வழக்கமே இல்லை. அதையாவது யோசித்தேனா? யோசிக்கவில்லை. "கேள்வியை இரண்டு தடவை படி" என்று பிள்ளைகளிடம் நாள்தோறும் சொல்கிற வாத்தியார், ஒரு தடவைகூடப் படிக்காமல் எண்ணை அனுப்பிவிட்டேன்.

அந்த 6 எண்கள்தான் என் புலனத்தின் சாவி. நண்பருடைய புலனத்தை ஒருவன் முன்பே இப்படிப் பிடித்து வைத்திருந்தான். இப்போது என்னுடையதும் அவன் கைக்குப் போய்விட்டது. என் கைத்தொலைபேசியில் புலனம் அணைந்துவிட்டது.

நான் செய்த முதல் தப்பு எண்ணைக் கொடுத்தது. அது சின்னத் தப்பு. பெரிய தப்பு அதற்குப் பிறகு. என்ன நடந்தது என்று எனக்கு அந்திக்குள்ளேயே புரிந்துவிட்டது. தலைமையாசிரியருக்கு ஒரு போன் போட்டு, "ஐயா, என் பெயரில் செய்தி வந்தால் நம்பவேண்டாம் என்று பெற்றோர்களுக்குச் சொல்லிவிடுங்கள்" என்று சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. "வாத்தியாரே ஏமாந்துட்டாராம்" என்று லயமெல்லாம் பேசுமே என்ற வெட்கம். காலையில் சத்தமில்லாமல் சரிசெய்துகொள்ளலாம் என்று படுத்துவிட்டேன்.

அந்த இரவில் அவன் என் பெயரோடும் என் படத்தோடும் பெற்றோர் குழுவில் இருந்த பலருக்குத் தனித்தனியாக எழுதியிருக்கிறான். வீட்டில் அவசரம், 400 வெள்ளி இருந்தால் இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள், நாளை தருகிறேன், யாரிடமும் சொல்லவேண்டாம் என்று. பலர் சந்தேகப்பட்டு விட்டுவிட்டார்கள். ஒரு தாய் மட்டும் அனுப்பிவிட்டார். செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்குகிறவர் அவர்.

மறுநாள் காலை பள்ளி வாசலில் மகனை விட வந்தவர், என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தி, "சார், பணம் வந்துச்சா? பத்துச்சா? உடனே குடுக்கணும்னு இல்ல சார், மெதுவா குடுங்க" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கைத்தொலைபேசியைக் காட்டினார். என் படம், என் பெயர், கீழே அந்தச் செய்தி.

"அக்கா, இது நான் இல்லை" என்று சொல்வதற்குள் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. நடந்ததைச் சொன்னேன். அவர் முதலில் என்ன கேட்டார் தெரியுமா? "அப்ப உங்க வீட்டுல ஒரு கஷ்டமும் இல்லயே, சார்?" பிறகுதான் பணத்தை நினைத்து வாசல் திண்டில் உட்கார்ந்தார். மகன் இடைநிலைப்பள்ளிக்குப் போகும்போது உடுப்புக்கும் சப்பாத்துக்கும் என்று எடுத்து வைத்த பணம் அது.

அன்று காலையே 997க்கு அழைத்தோம். போலீஸ் புகாரும் செய்தோம். ஆனால் பணம் இரவோடு இரவாக வேறு கணக்குக்குப் போய்விட்டது. அந்த 400 வெள்ளியை நான் அவரிடம் கொடுத்தேன். "நீங்களா எடுத்தீங்க?" என்று வாங்க மறுத்தார். வற்புறுத்திக் கொடுத்தேன். அதோடு என் கடன் தீர்ந்ததாக நான் நினைக்கவில்லை. அந்தத் தாய் பணம் அனுப்பியது ஓர் எழுத்தை நம்பி அல்ல. இந்தத் தோட்டத்தில் வாத்தியார் என்ற சொல்லுக்கு இருக்கும் மதிப்பை நம்பி அனுப்பினார். பொய் சொன்னது அவன். ஆனால் அந்திப் பொழுதே நான் வாய் திறந்திருந்தால் அந்தப் பொய் அவர் வீடு வரை போயிருக்காது. என் வெட்கத்துக்கு அவர் விலை கொடுத்தார்.

இதைச் சொல்ல அவரிடம் அனுமதி கேட்டேன். "பேரு சொல்லாம சொல்லுங்க சார், நாலு பேருக்கு உதவட்டும்" என்றார். அதனால்தான் இன்று இந்த மேடையில் நிற்கிறேன்.

இன்னொன்றையும் நம் இளைஞர்கள் கேட்கவேண்டும். அந்தப் பணம் போன கணக்கு திருடனுடைய சொந்தக் கணக்கு என்றா நினைக்கிறீர்கள்? அவன் அவ்வளவு மடையன் அல்ல. "உன் வங்கிக் கார்டை ஒரு மாசத்துக்குக் கொடு, 300 வெள்ளி தருகிறேன், வேறு ஒன்றும் நீ செய்யவேண்டாம்" என்று கேட்டு வாங்கிய ஏதோ ஒரு பையனுடைய கணக்காகத்தான் பெரும்பாலும் இருக்கும். மலாயில் இதை அக்காவுன் கெல்டாய் என்கிறார்கள், கழுதைக் கணக்கு. பொதி சுமப்பது கழுதை, சந்தைக்காரன் வேறொருவன். போலீஸ் வரும்போது பிடிபடுவதும் கழுதைதான். கார்டைக் கொடுப்பவர்களையும் வாங்குபவர்களையும் நேரடியாகத் தண்டிப்பதற்காகவே 2024இல் நாடாளுமன்றம் தண்டனைச் சட்டத்தைத் திருத்தியது. வீட்டில் வேலை தேடிக்கொண்டிருக்கும் பிள்ளை இருந்தால் இன்றைக்கே உட்காரவைத்துச் சொல்லுங்கள். 300 வெள்ளி செலவாகிவிடும், வழக்கு செலவாகாது.

சரி, என்னதான் செய்வது? தோட்டத்து வேலை தெரிந்தவர்களுக்கு இதை நான் புதிதாகச் சொல்லித்தரத் தேவையில்லை. செம்பனை ஓலைக் குவியலில் கை வைக்குமுன் என்ன செய்கிறீர்கள்? குச்சியால் தட்டிப் பார்க்கிறீர்கள். எலியைத் தேடி வந்த நாகம் உள்ளே படுத்திருக்கலாம் என்று தெரியும். பாம்பைக் கண்டால் என்ன செய்கிறீர்கள்? பக்கத்து நிரையில் வேலை செய்பவருக்கும் கேட்கும்படி "பாம்பு!" என்று கத்துகிறீர்கள். பாம்பைப் பார்த்ததற்கு யாராவது வெட்கப்படுவதுண்டா? கடிபட்டவர், "வெளியில சொன்னா கேவலம்" என்று வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்வதுண்டா? அதைத்தான் நான் செய்தேன்.

ஆகவே இரண்டே காரியம். தட்டிப் பாருங்கள். பிறகு கத்துங்கள்.

தட்டிப் பார்ப்பது எப்படி? வங்கி என்று சொல்லிக்கொண்டு இணைப்போடு வரும் செய்தியைத் தொடாதீர்கள். இணைப்பு உள்ள குறுஞ்செய்திகளைத் தடுக்கும்படி 2023இல் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கு உத்தரவு வந்தது. அந்த வழி அடைபட்டால் திருடன் புலனத்துக்கும் டெலிகிராமுக்கும் போவான், அங்கேயும் கவனம் வேண்டும். அரசாங்க உதவித்தொகை என்று வந்தாலும் அதே கவனம்தான். உங்களுக்கு வரும் இரகசிய எண்ணைப் பெற்ற பிள்ளை கேட்டாலும் எழுத்தில் அனுப்பாதீர்கள். பணம் கேட்டு யாராவது எழுதினால், சாதாரணத் தொலைபேசி அழைப்பில் கூப்பிட்டுப் பேசுங்கள். இப்போது குரலைக்கூடச் செயற்கை நுண்ணறிவால் போலியாகச் செய்ய முடிகிறது. ஆகையால் உங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த ஒன்றைக் கேட்டுவிடுங்கள். புதிய கணக்கு எண்ணுக்குப் பணம் போடுமுன், போலீசாரின் செமாக் மியூல் என்ற இணையத்தளத்தில் அந்த எண்ணைத் தட்டிப் பார்க்கலாம். அங்கே புகார் இல்லை என்றாலும் நல்ல கணக்கு என்று அர்த்தமில்லை. இருந்தாலும் புகார் இருந்தால் நாம் தப்பினோம். புலனத்தில் இரண்டாவது பூட்டு ஒன்று உண்டு. நாமே ஓர் இரகசிய எண்ணை வைத்துக்கொள்ளலாம். அந்தப் பூட்டு அன்று எனக்கு இருந்திருந்தால், அந்த 6 எண்களை மட்டும் வைத்துக்கொண்டு அவன் உள்ளே வந்திருக்க முடியாது. விழா முடிந்ததும் நான் ஐந்தாம் வகுப்பறையில் இருப்பேன். கைத்தொலைபேசியைக் கொண்டு வாருங்கள், உங்கள் கையாலேயே பூட்டு போட்டுக் காட்டுகிறேன்.

கத்துவது எப்படி? பணம் போய்விட்டது என்று தெரிந்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். 997 என்ற எண்ணுக்கோ உங்கள் வங்கிக்கோ உடனே அழையுங்கள். 997 என்பது தேசிய மோசடி எதிர்வினை மையம், 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது. பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவுமுன் தடுப்பதுதான் அதன் வேலை. ஆகவே ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. பிறகு போலீஸ் புகார். அதே மூச்சில் பக்கத்து வீட்டுக்குச் சொல்லுங்கள். பெரட்டுக் களத்தில் சொல்லுங்கள், கோயிலில் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்கு வந்த அதே செய்தி அடுத்த வீட்டுக்கும் வந்துகொண்டிருக்கும்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. விளையாட்டில் பழகிய முகம் தெரியாத நண்பன் பரிசு தருகிறேன் என்பான். உன் படம் அனுப்பு என்பான். அப்பாவின் வங்கிக் கார்டு எண்ணைக் கேட்பான். இவற்றை எல்லாம் உங்களால் பிரித்துப் பார்க்க முடியாமல் போகலாம். ஆனால் ஓர் அடையாளம் சொல்கிறேன், மறக்காதீர்கள். "அம்மாவிடம் சொல்லாதே" என்று எவன் சொல்கிறானோ, அவன் சொன்ன அந்த நிமிடமே ஓடிப் போய் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். போலீஸ் வேடத்தில் வந்தவனும் இதைத்தான் சொன்னான். என் பெயரில் எழுதியவனும் இதைத்தான் எழுதினான். வேடம் எதுவானாலும் வசனம் ஒன்றுதான்.

பெற்றோர்களே, பிள்ளை வந்து சொல்லும்போது கையை ஓங்காதீர்கள். கைத்தொலைபேசியைப் பிடுங்கி எறியாதீர்கள். இன்று அடித்தால் அடுத்த தடவை சொல்லமாட்டான். பிள்ளைக்குக் கருவி தெரியும், மனிதனைத் தெரியாது. உங்களுக்கு மனிதனைத் தெரியும், கருவி பழக்கமில்லை. இருவரும் சேர்ந்து உட்கார்ந்தால் அந்தத் திருடனுக்கு வேலை இல்லை. பிள்ளைகளே, நீங்களும் அப்படித்தான். பாட்டி ஏமாந்தால் சிரிக்காதீர்கள். சிரித்தால் பாட்டியும் என்னைப் போல் மறைத்துவிடுவார்.

அன்று பணம் அனுப்பிய அந்தத் தாயைப் படிக்காதவர் என்று யாரும் சொல்லவேண்டாம். ஒருவருக்குக் கஷ்டம் என்றவுடன் இருப்பதை எடுத்துக் கொடுக்கும் மனம் அது. அந்த மனம் இந்தத் தோட்டத்தை விட்டுப் போகக்கூடாது. ஏமாந்துவிடுவோமோ என்ற பயத்தில் நாம் ஒருவருக்கொருவர் உதவுவதை நிறுத்திவிட்டால், திருடன் 400 வெள்ளியைவிடப் பெரிய ஒன்றை எடுத்துக்கொண்டு போனதாக ஆகும். கொடுங்கள், ஆனால் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.